நல்ல பாம்பைப் பிடித்த மூதாட்டி

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். வெளிக் கேட்டை யாரோ உலுக்கினார்கள். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு லோகநாதன் அண்ணன். டீக்கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பேப்பரை, தேர்தலில் ஜெயித்தவர் சான்றிதழைக் காட்டுவதுபோலத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தார்.

“தங்கச்சி! சீக்கிரம் வா. நீ பேப்பர்ல வந்துகீற!”

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவள். பேப்பரில் வருமளவுக்கு நல்லதும் செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு ஓடினேன்.

பேப்பரில் டீ சிந்திய ஈரம். அதன் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது இது:

ஆவடி அருகே வீட்டுக்குள் புகுந்த நல்ல பாம்பு; வெறுங்கையால் பிடித்த மூதாட்டி!

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு அந்த மூதாட்டியின்மேல் மரியாதைதான் வந்தது. தள்ளாத வயதில் என்ன துணிச்சல் பாவம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்திலிருந்த படம் கண்ணில் பட்டது. நீல நிற பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்து, வாயைப் பாதி திறந்து, வெள்ளை வெளேரென்ற தலையோடு நின்றுகொண்டிருந்தது நான்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு.

“இன்னா தங்கச்சி, சந்தோசமா?” என்றார் லோகநாதன் அண்ணன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிச் செய்தி முழுவதையும் படித்தார். படித்து முடித்துப் பெருமூச்சு விட்டார்.

“நல்லவேளை, என் பேரு வரலை” என்றார்.

நடந்தது இவ்வளவுதான்

நாங்கள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆவடிக்குப் பக்கத்திலுள்ள கோவில்பதாகையில் வீடு வாங்கியபோது, “ஏரிக்காற்று வரும்” என்று சொன்னார்கள். காற்று வந்தது. மழைக்காலத்தில் ஏரியும் வந்தது. ஏரியில் குடியிருப்பவை எல்லாம் கூடவே வந்தன.

அது தீபாவளிக்கு முந்தைய வாரம். இரண்டு நாளாக விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். நான் சமையலறையில் உட்கார்ந்து முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், “என்ன இப்படிப் புழுங்குது” என்று சொல்லிக்கொண்டே வந்து ஃபேனைப் போட்டார். சலித்த மாவு முழுக்க என் தலையில் ஏறியது. திட்டிக்கொண்டே முகம் கழுவப் போனேன்.

குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் விரல் தடிமனில் ஒன்று நெளிந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். இவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்க் கட்டில்மேல் ஏறினார். அங்கிருந்து, “பயப்படாதே, பயப்படாதே” என்று எனக்குத் தைரியம் சொன்னார். நான் பக்கத்திலிருந்த வாளியை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

சத்தம் கேட்டு லோகநாதன் அண்ணன் வந்தார். அவர் கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்குக் கீழே அவர்கள் குடும்பத்துக்கு நஞ்சை இருந்ததாம். இப்போது அந்த இடத்தில் நாங்கள் எல்லாரும் குடியிருக்கிறோம். வாளியை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சொம்மா தண்ணிப் பாம்பு தங்கச்சி. கட்ச்சாலும் ஒண்ணியும் ஆவாது.”

ஒரு பழைய முறத்தை வாளிக்கு அடியில் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஏரியோரம் விட்டுவிட்டு வந்தார். வெறும் வாளியை வாசலில் வைத்து என்னிடம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிருபர் வந்தார். தெருவில் தண்ணீர் நிற்பதைப் படம் பிடிக்க வந்தவர். தண்ணீர் தேங்கிய செய்தி எல்லா ஊரிலிருந்தும் வந்து குவிந்துவிட்டதாம். “வேற ஏதாச்சும் இருக்கா சார்?” என்று லோகநாதன் அண்ணனிடம் ஏக்கமாகக் கேட்டார்.

அண்ணன் கதை சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருடைய இரண்டு கைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போயின. முதலில் ஒரு முழம் இருந்த பாம்பு, முடிவில் அவர் கை எட்டாத நீளத்துக்குப் போனது.

நிருபர் என் பக்கம் திரும்பினார். “எதை வெச்சும்மா பிடிச்சீங்க?”

“கையில ஒண்ணும் கிடைக்கலப்பா. வாளியத்தான் கவுத்தேன்.”

அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். ‘கையில் ஒன்றும் இல்லை’ என்பது வரைக்கும்தான் எழுதியிருக்கிறார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. தலையில் இருந்தது அரிசி மாவு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

மர்ம நபரின் குடும்பம்

இந்த இடத்தில் கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். அந்தப் பேப்பருக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சமையலறை அலமாரித் தட்டுகளில் பழைய பேப்பர் விரித்திருப்பேன். பருப்பு டப்பாவைத் தூக்கினால் ஒரு தலைப்பு. புளி ஜாடியை நகர்த்தினால் இன்னொன்று. முன்பெல்லாம் கண்டுகொள்ளாதவள், இப்போது கரண்டியோடு நின்று படிக்க ஆரம்பித்தேன். என் கதையே இந்த லட்சணத்தில் வந்திருக்கிறதென்றால், மற்றவர்கள் கதை எப்படியெல்லாம் வந்திருக்கும்?

மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் இருந்தவர் மர்ம நபர். அம்பத்தூரில் சங்கிலி பறித்தவர் மர்ம நபர். ஆவடியில் பைக்குக்குத் தீ வைத்தவர் மர்ம நபர். பூந்தமல்லியில் உண்டியலை உடைத்தவரும் அவரேதான். ஒரே மனிதர், எத்தனை ஊர், எத்தனை விதமான வேலை! ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது.

அவர் வீட்டை நினைத்துப் பார்ப்பேன். காலையில் மனைவி டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்து, “இன்னைக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்பார். “முகப்பேர்ல ஒண்ணு, மேனாம்பேட்ல ஒண்ணு. வர கொஞ்சம் லேட்டாகும்” என்று இவர் செருப்பு மாட்டுவார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டால் என்ன எழுதுவார்கள்? மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், “எங்க வீட்டுல எல்லாருக்கும் உங்கள நல்லாத் தெரியுமே, தினம் பேப்பர்ல படிக்கிறோமே” என்றால் அந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

உளுந்து டப்பாவுக்கு அடியில், ‘குடிநீரில் புழு: பொதுமக்கள் அதிர்ச்சி’ என்று இருந்தது. நானும் பொதுமக்களில் ஒருத்திதான். அன்றைக்கு நான் அதிர்ச்சி அடைந்ததாக ஞாபகமே இல்லை. வடிகட்டித்தான் குடித்தேன். ஆனால் பேப்பர்க்காரர்கள் கணக்குப்படி பொதுமக்களுக்கு வாரம் முழுக்க வேலை இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் அவதி, வந்தால் அதிர்ச்சி, நாய் துரத்தினால் பீதி, குழி தோண்டினால் கோரிக்கை, குழியை மூடினால் மகிழ்ச்சி. இத்தனையையும் முறையாக அனுபவிக்க வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பொதுமக்களாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த தலைப்பு அரிசித் தட்டில் இருந்தது. ‘ஏரியில் விரைவில் படகு சவாரி.’ இந்தச் செய்தி வந்தபோது எங்கள் தெருவே பரபரத்தது. லோகநாதன் அண்ணனின் மனைவி தேவகி அக்கா, கரையில் சுண்டல் கடை போடுவதென்று இடமே பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் படகில் உட்காரும்போது போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். வருடங்கள் போயின.

கடைசியில் ஒரு மழைக்கு நிஜமாகவே படகு வந்தது. ஏரிக்கு இல்லை, எங்கள் தெருவுக்கு. மாடியிலிருந்து இறங்கி, அதில் ஏறிப் பெரிய ரோடு வரை போனோம். தேவகி அக்கா படகில் உட்கார்ந்து, “படவு சவாரி படவு சவாரின்னானுங்களே, இத்தத்தான் சொன்னானுங்களா?” என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தத் தலைப்பும் முழுப் பொய் கிடையாது. இடம்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

மறுப்புக்கும் ஒரு தலைப்பு

என் தலைப்புக்கு வருகிறேன்.

அன்றைக்கு அலுவலகம் போக பஸ் ஏறினேன். கல்லூரிப் பெண் ஒருத்தி சடக்கென்று எழுந்து இடம் கொடுத்தாள். “உக்காருங்க பாட்டி. பேப்பர்ல பார்த்தேன். சூப்பர்!” என்றாள். தலை கறுப்பாக இருப்பதை அவள் பார்க்கவில்லையா என்று யோசித்தேன். பார்த்திருக்கிறாள். “டை அடிச்சிருக்கீங்களா? சின்னவங்களா தெரியறீங்க” என்றாள்.

அலுவலகத்தில் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு, பழைய பில் கட்டுகள் போட்டிருக்கும் அறையில் எலித் தொல்லை என்றார். “பாம்பையே பிடிச்சவங்க நீங்க, எலி என்ன பிரமாதம்?” அன்றிலிருந்து எலிப் பொறிக்குத் தேங்காய் வைப்பது என் பொறுப்பாயிற்று.

ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான். “அக்கா, படம் எடுத்துச்சா?” என்றான்.

“எடுத்துச்சுடா. நிருபர் எடுத்தாரு.”

“அதில்லக்கா, பாம்பு.”

“அது தண்ணிப் பாம்புடா!”

“நம்ம குடும்பத்துக்கே உள்ள குணம்க்கா இது. செஞ்சதை வெளிய சொல்லிக்க மாட்டோம்” என்று நெகிழ்ந்துபோய் வைத்துவிட்டான்.

பொறுக்க மாட்டாமல் பேப்பர் அலுவலகத்துக்கே போன் போட்டேன். மறுமுனையில் பேசியவர் மரியாதையானவர். நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல பாம்பு இல்லை, வெறுங்கை இல்லை, மூதாட்டி இல்லவே இல்லை.

“மறுப்பு போட்டுடலாம்மா. ஒண்ணும் பிரச்சனையில்ல” என்றார். “ஆனா மறுப்புக்கும் ஒரு தலைப்பு வெக்கணுமே. ‘பாம்பு பிடித்த மூதாட்டி திடீர் பல்டி’ன்னு போடலாமா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் முகப்பேரிலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கத்தார் வந்தார்கள். மூத்த குடிமக்களுக்கு விழாவாம். என்னைக் கேட்காமலேயே அழைப்பிதழில் ‘வீர மூதாட்டி’ என்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மேடையேறி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே போனேன். சொன்னேன். மைக்கைப் பிடித்து, “அது தண்ணீர்ப் பாம்பு. எனக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது” என்று தெளிவாகச் சொன்னேன்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, என்ன தன்னடக்கம்! என்ன நகைச்சுவை உணர்வு! அந்தக் காலத்து மனிதர்களே தனி” என்றார். பொன்னாடை போர்த்தி, மூட்டுவலித் தைலம் ஒரு புட்டி பரிசளித்தார்கள். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட வேகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், “நீங்க அவங்க மகனா?” என்று கேட்டாராம். அதை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். தேவகி அக்கா வாசலிலிருந்தே அலறினார்.

“செல்வி! ஓடியா! பாம்பு வந்துகீது! கொயந்த உள்ள கீது!”

குழந்தை என்றால் அவருடைய பேரன். மகன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் கவிதா கைக்குழந்தையோடு மாமனார் வீட்டில் இருந்தாள். பூந்தமல்லிப் பெண். கல்யாணத்துக்கு முன்பு ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்.

நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவர்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆள். ஒருவர் கையில் இரும்புக் கம்பி. ஒருவர் கையில் மண்ணெண்ணெய் கேன். இன்னொருவர் விறகுக் கட்டையால் தரையைத் தட்டி, “உஷ், உஷ்” என்று ஆடு விரட்டுவதுபோல விரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

“பாட்டி வந்தாச்சு! வழி வுடு, பாட்டி வந்தாச்சு!”

அறை வாசலில் போய் நின்றேன். நடுவில் விட்டத்து வளையத்திலிருந்து புடவைத் தூளி தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளியின் துணி லேசாக அசைந்ததில் அதன் ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது. வாசலுக்கும் தூளிக்கும் நடுவில், தரையில், அது இருந்தது.

இது விரல் தடிமன் இல்லை. கழுத்தைத் தூக்கி, படத்தை விரித்து, கட்டை தட்டும் சத்தத்துக்கெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நல்ல பாம்பு.

கவிதாவை இரண்டு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் திமிறிக்கொண்டிருந்தாள்.

லோகநாதன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, நீதாம்மா புடிக்கணும். உன்னால்தான் ஆவும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் பேப்பர் படித்தவர்கள். இவர் கூடவே இருந்தவர். வாளிக்கு அடியில் முறத்தைச் செருகியவர்.

“அண்ணே, என்ன பேசுறீங்க? அன்னைக்கு அது தண்ணிப் பாம்பு. நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க?”

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “நான் வுட்டது இன்னாவோ... பேப்பர்ல நல்ல பாம்புன்னு போட்டுகீதேம்மா.”

கிண்டல் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். தன் கண்ணால் பார்த்ததைவிட அச்சில் வந்ததையே நம்புகிற நிலைக்கு, பேரன்மேல் உள்ள பயம் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அவரிடம் வாதாட அது நேரமில்லை.

என்னால் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் இந்தக் கூட்டம் கேட்கும் என்பதும் அந்த நிமிஷத்தில் புரிந்தது. பாம்புக்குக் காது கேட்காது, தரை அதிர்வதுதான் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். குரலை உயர்த்தினேன்.

“யாரும் தரையத் தட்டக் கூடாது. கட்டையக் கீழ வைங்க. மண்ணெண்ணெய் கேன வெளிய கொண்டுபோங்க. எல்லாரும் மெதுவா, மெதுவா நடந்து தெருவுக்குப் போங்க.”

போனார்கள். மேனேஜர் சொன்னால்கூட ஒருத்தர் நகராத உலகத்தில், ஒரு வார்த்தைக்கு அத்தனை பேரும் பூனை நடை நடந்து வெளியே போனார்கள். படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், “பாட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். லோகநாதன் அண்ணன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்றிருந்தார். “தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க” என்றேன். “பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க” என்றார். அவர் இந்த முறை எங்கும் ஏறி நிற்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கூடத்தில் நானும் கவிதாவும் மட்டும் இருந்தோம். சத்தம் அடங்கியது. தெருவில் யாரோ இருமியது கேட்டது. பாம்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு படத்தைச் சுருக்கி, தலையைத் தரையில் இறக்கி, பீரோவை நோக்கி ஊர்ந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்தது. வாலும் உள்ளே போய்விட்டது. பிறகு உள்ளேயே திரும்பி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பீரோவுக்கும் தூளிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது.

குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. தூளி ஆடியது. பாம்பின் தலை தூளிப் பக்கம் திரும்பியது.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “நான் பாம்பப் பார்த்துக்கிறேன். நீ அந்தச் சுவரோரமா போய் பிள்ளையத் தூக்கு. ஓடாதே” என்றேன். சொன்ன வாய் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.

உள்ளே அடி எடுத்து வைத்தேன். தரை வழவழவென்று குளிர்ந்திருந்தது. ஒவ்வொரு அடியாக நகர்ந்து பீரோவுக்கு எதிரே, தூளிக்கு முதுகு காட்டி நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. இந்த முறை நிஜமாகவே ஒன்றும் இல்லை. அதன் நாக்கு வெளியே வந்து வந்து போனது. அதன் கண்ணில் கோபமோ வேறெதுவுமோ எனக்குத் தெரியவில்லை. அதுவும் எங்களை மாதிரிதான் போக வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் துணி உரசும் சத்தம். குழந்தையின் ஒரு சின்ன விக்கல். பிறகு கவிதாவின் கொலுசு, மெதுவாக, வாசல் பக்கம் போனது.

தெருவில் ஒரு பெரும் சத்தம் எழுந்தபோதுதான் நான் பின்னால் நகர ஆரம்பித்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் கோணியைத் திணித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் கொக்கி போட்ட கம்பியால் அதை லாகவமாகத் தூக்கிப் பைக்குள் விட்டுக் கட்டினார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர்களில் ஒருவர் போகும்போது, “இங்க பாம்பு புடிக்கிற பாட்டி ஒருத்தங்க இருக்காங்கன்னு பேப்பர்ல படிச்சேனே, அவங்க ஊர்ல இல்லையா?” என்று கேட்டார். தெருவே என்னைக் கைகாட்டியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்புறம் எங்கள எதுக்கும்மா கூப்ட்டீங்க?”

மறுநாள் பேப்பர்

மறுநாளும் லோகநாதன் அண்ணன்தான் பேப்பரோடு வந்தார். இந்த முறை அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

‘வீட்டுக்குள் புகுந்த பாம்பு: பொதுமக்கள் பீதி’ என்று தலைப்பு. பக்கத்தில் படம். பாம்பு இருந்த பையின் ஒரு நுனியை, நேற்று அந்தப் பக்கமே வராத ஓர் உள்ளூர்ப் பிரமுகர் சிரித்தபடி பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார், எப்போது பிடித்தார், யாருக்கும் தெரியவில்லை. செய்தியின் கடைசி வரி இது: ‘வீட்டில் சிக்கித் தவித்த கைக்குழந்தையும் மூதாட்டி ஒருவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்.’

“இன்னா அநியாயம் தங்கச்சி இது! நேர்ல பாத்த மாரியே எய்திகீறான் பாரு! வா, போய்க் கேப்போம்” என்று கொதித்தார்.

“வேண்டாம்ணே. நம்ம ரெண்டு பேரையும் வெச்சு வேற ஏதாவது தலைப்பு போட்டுருவாங்க” என்றேன். என் வீட்டுக்காரர் அதற்கும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. படியிறங்கப் போனவர் திரும்பி, “அன்னிக்கி நான்தாம்மா அத்த ஏரில வுட்டேன். தண்ணிப் பாம்புதான். நெனவு வந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கவிதா வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் எங்கள் வீட்டுக்குத் தனியாக வருவது அதுதான் முதல் தடவை. காபி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா உண்மைய சொல்லணும்.”

“கேளும்மா.”

“அது பாஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

“உண்மையைச் சொல்லவா? எனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது கவிதா. பேப்பர்ல போட்டது எல்லாம் பொய். உன்கிட்ட அப்ப சொன்னா நீ பயந்துருவியேன்னு சொல்லலை.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தெரியும் ஆன்ட்டி. உள்ள வந்தப்பவே தெரியும். ஒங்க கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிக்கினு இருந்திச்சு. பொடவ கொசுவமே ஆடிச்சு.”

நான் குனிந்து என் புடவைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“தெரிஞ்சுமா உள்ள வந்த?”

“நானும்தான் பயந்துகினு நின்னேன். புடிச்சிகினு இருந்தவங்க வுட்டப்புறம், பெத்தவ எனக்கே கால் நகரல. வேற ஊட்டுக்காரங்க நீங்க, அப்டி நடுங்கிகினே போய் அது முன்னாடி நிக்கிறீங்க. அப்புறம் நான் எப்டி ஆன்ட்டி நிக்கறது?”

குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“கொஞ்ச நேரம் வெச்சிருங்க. நேத்துலேர்ந்து இவன கீழ வுடவேயில்ல, குளிக்கக்கூட இல்ல. குளிச்சிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.